17 நாள் ஐஸ் ஹாக்கி, 40 ஆண்டுக் கட்டடம்: எந்த வழியில் அரங்கம் அமைப்பது?

ஆடவர் உலக ஐஸ் ஹாக்கி சாம்பியன்ஷிப்பை நடத்தும் உரிமை ஒரு நகரத்துக்குக் கிடைத்ததும் முதலில் வெளியாவது அரங்கத்தின் வண்ணப்படம். கண்ணாடி முகப்பு, வண்ண விளக்கு, நிரம்பி வழியும் இருக்கைகள். போட்டி நன்றாக நடப்பதும் கெடுவதும் அந்தப் படத்தில் வராத மூன்று பொருள்களின் கையில் இருக்கிறது: ஐஸுக்கு அடியில் கிடக்கும் கான்கிரீட் தளம், கூரைமேல் நிற்கும் ஈரநீக்கி எந்திரம், பக்கத்திலேயே இருக்க வேண்டிய இரண்டாவது ஐஸ் தளம்.

நகரத்தின் முன் நான்கு வழிகள் உண்டு. ஹாக்கிக்கென்றே புது அரங்கம். கச்சேரிக்கும் கூடைப்பந்துக்கும் ஐஸுக்கும் பொதுவான பல்பயன் அரங்கம். பழைய அரங்கைப் புதுப்பிப்பது. ஏற்கெனவே இருக்கும் மண்டபத்தில் தற்காலிக ஐஸ் போடுவது. நான்கையும் அந்த மூன்று பொருள்களை வைத்தே எடைபோட வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. இருக்கை எண்ணிக்கையைப் பேசுவது அதற்குப் பிறகு.

முதலில் வேலையின் அளவு. இப்போதைய அமைப்பில் 16 அணிகள் எட்டெட்டாக இரண்டு பிரிவில் ஆடுகின்றன. பிரிவுக்கு 28 ஆட்டம், இரண்டுக்கும் 56. காலிறுதி முதல் இறுதிவரை இன்னும் 8. ஆக மொத்தம் 64. பிரிவுக்கு ஓர் அரங்கம் என்று வைத்துக் காலிறுதிகளை இரண்டிரண்டாகப் பங்கிட்டால் முதன்மை அரங்கில் 34 ஆட்டமும் இரண்டாவதில் 30 ஆட்டமும் வரும். 2024-லும் 2025-லும் இவ்வளவும் மே மாதத்தின் 17 நாளுக்குள் முடிந்தன.

ஒரே ஐஸில் மூன்று ஆட்டம் நடக்கும் நாளை எடுத்துக்கொள்வோம். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன்னால் ஒருமுறை, இரண்டு இடைவேளையிலும் ஒவ்வொருமுறை, காலைப் பயிற்சிகளுக்கு நடுவே சிலமுறை என்று ஐஸின் மேல்தோலைச் சீவி வெந்நீர் பூச வேண்டும். ஒரு நாளில் 12 முதல் 15 பூச்சு. ஒரு பூச்சுக்குச் சுமார் 500 லிட்டர் தண்ணீர், 60 டிகிரி சூட்டில். அதை உறையவைக்க 80 கிலோவாட் மணிக்குச் சற்று மேலான வெப்பத்தை ஐஸிலிருந்து உறிஞ்சியாக வேண்டும். இடைவேளை 15 நிமிடம்தான். சீவிப் பூசும் வண்டி ஓடி முடிக்கவே அதில் பாதி போய்விடும். இரண்டு வண்டிகளை ஒன்றன்பின் ஒன்றாக விடுவது இதனால்தான். மூன்றாவது வண்டி ஒன்று சார்ஜ் ஏற்றிய நிலையில் காத்திருக்க வேண்டும். ஐஸ் நடுவில் ஒரு வண்டி நின்றுவிட்டால் அதை இழுத்துக்கொண்டு வெளியேற வேறு வழி இல்லை.

மே மாதத்துக் காற்று

ஐஸ் ஹாக்கி குளிர்கால ஆட்டம். உலக சாம்பியன்ஷிப் நடப்பது வசந்தத்தின் முடிவில். இந்த முரணை வடிவமைப்பாளர் மறந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பெயர்போன சாட்சி, 1975 மே 20 அன்று பஃபலோ மெமோரியல் ஆடிட்டோரியத்தில் நடந்த, வட அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்எச்எல்லின் ஸ்டான்லி கோப்பை இறுதித் தொடரின் மூன்றாவது ஆட்டம். அரங்கில் ஏர் கண்டிஷனிங் கிடையாது. ஐஸிலிருந்து மூடுபனி எழுந்து பக் (ஆட்டத்தில் பந்துக்குப் பதிலான ரப்பர் வட்டு) கண்ணுக்குத் தெரியாமல் போனது. ஆட்டம் திரும்பத் திரும்ப நிறுத்தப்பட்டது. படுக்கை விரிப்புகளை வீசிக்கொண்டே ஸ்கேட்டில் சுற்றி மூடுபனியைக் கலைத்தார்கள். 1988 மே 24 அன்று பாஸ்டன் கார்டனில் இதே மூடுபனியோடு மின்தடையும் சேர்ந்து வர, இறுதித் தொடரின் நான்காவது ஆட்டம் பாதியிலேயே கைவிடப்பட்டது.

காரணம் எளிது. வெளியே 20 டிகிரி வெப்பமும் 60 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்றின் பனிப்புள்ளி 12 டிகிரி. அதாவது 12 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எதன்மேல் பட்டாலும் அந்தக் காற்று நீராக இறங்கும். ஐஸின் மேற்பரப்போ மைனஸ் 4 முதல் மைனஸ் 6 டிகிரி. கதவு திறந்ததும் இந்தக் காற்று உள்ளே வந்து ஐஸைத் தொடும் இடத்தில் முழங்கால் உயரத்துக்கு வெண்மையாகத் தேங்கும். ஐஸின்மேல் மெல்லிய உறைபனி படிந்து பக் தத்தும், ஸ்கேட்டின் பிடி குறையும். அதே ஈரம் குளிர்ந்த கூரைத் தகட்டில் துளித்துளியாகச் சேர்ந்து சொட்டினால், சொட்டிய இடத்தில் சின்னச் சின்ன ஐஸ் மேடுகள் முளைக்கும்.

பார்வையாளர்களும் ஈரம் கொண்டுவருகிறார்கள். உட்கார்ந்திருக்கும் ஒருவர் மூச்சிலும் வியர்வையிலும் மணிக்குச் சுமார் 50 கிராம் நீரை வெளிவிடுகிறார். 10,000 பேர் என்றால் மணிக்கு அரை டன். ஆளுக்கு மணிக்கு 20 கன மீட்டர் என்று வெளிக்காற்றை உள்ளே எடுத்து அதன் பனிப்புள்ளியை 4 டிகிரிக்கு இறக்குவதாக வைத்தால், அந்தக் காற்றிலிருந்து மட்டும் மணிக்கு ஏறக்குறைய ஒரு டன் நீரைப் பிரிக்க வேண்டும். இரண்டையும் சேர்த்தால் மணிக்கு ஒன்றரை டன். சாதாரணக் குளிர்ச்சுருள் ஏர் கண்டிஷனர் இவ்வளவு தாழ்ந்த பனிப்புள்ளிக்குப் போனால் சுருளிலேயே உறைபனி கட்டிக்கொள்ளும். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பூசிய சுழல்சக்கர எந்திரம் இங்கே கட்டாயம். செலவைக் குறைக்கக் கூட்டம் போடும்போது முதலில் வெட்டப்படுவதும் இதுதான். முகப்புக் கண்ணாடியில் வெட்டுங்கள், இதைத் தொடாதீர்கள் என்று மன்றாடிக் கேட்கத் தோன்றுகிறது.

எல்லா நுழைவிலும் இரட்டைக் கதவு வேண்டும். சரக்கு லாரி நுழையும் பெரிய வாயிலுக்கும் அது உண்டு. டிவி நிறுவனத்தின் கேபிள்களுக்காக ஏதாவது ஒரு கதவை நாள் முழுக்கத் திறந்து வைத்துவிடுவது வழக்கமாக நேரும் தவறு. கேபிளுக்கென்று சுவரில் அடைப்புள்ள துளைகளைக் கட்டும்போதே விட்டுவைத்தால் அந்தத் தொல்லை இல்லை.

ஐஸுக்கு அடியில்

நிரந்தர ஐஸ் தளத்தைக் கீழிருந்து மேலாகப் பார்ப்போம். நன்றாக இறுக்கிய ஜல்லிப் படுகை. அதன்மேல் மணலில் வெப்பக் குழாய்கள். இவற்றில் ஓடும் கிளைக்கால் (உறைதடுப்புத் திரவம்) கரைசல் மண்ணைச் சுமார் 4 டிகிரியில் வைத்திருக்கும். இதற்குத் தனியாக மின்சாரம் வேண்டாம், கம்ப்ரஸர் வெளிவிடும் வெப்பமே போதும். அதற்கு மேலே 100 மில்லிமீட்டர் வெப்பக்காப்பு, இரண்டு அடுக்காக, மேலடுக்கின் இணைப்பு கீழடுக்கின் இணைப்போடு சேராமல். பிறகு ஈரத்தடுப்புத் தாள். கடைசியாக 150 மில்லிமீட்டர் கான்கிரீட். அதற்குள்ளே குளிர்ந்த உப்புநீர் ஓடும் பாலிஎத்திலின் குழாய்கள் 75 முதல் 100 மில்லிமீட்டர் இடைவெளியில். 61-க்கு 30 மீட்டர் தளத்தில் இடைவெளி 100 மில்லிமீட்டர் என்றால் குழாயின் நீளம் 18 கிலோமீட்டர்; 75 என்றால் 24 கிலோமீட்டர்.

கான்கிரீட் 275 கன மீட்டர் வரும். அதை ஒரே மூச்சில் ஊற்றி முடிக்க வேண்டும், நடுவில் இணைப்பு விழக்கூடாது. ஊற்றும்போது குழாய்களில் காற்றழுத்தத்தை ஏற்றிவைத்து மானியைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். யாராவது மிதித்தோ வைப்ரேட்டர் பட்டோ குழாய் ஓட்டை ஆனால் முள் உடனே இறங்கிக் காட்டிக்கொடுக்கும். கான்கிரீட் இறுகிய பிறகு கண்டுபிடித்தால் அந்தக் குழாயை நிரந்தரமாக அடைக்க வேண்டியதுதான், அதன்மேல் உள்ள ஐஸில் ஒரு மென்மையான கோடு வாழ்நாள் முழுக்க இருக்கும். ஊற்றிய பின் 28 நாள் பதப்படுத்தி, பிறகு பல நாள்களில் மெல்ல மெல்லக் குளிர்விக்க வேண்டும். அவசரப்பட்டு ஒரே நாளில் இறக்கினால் தளம் வெடிக்கும்.

தளத்துக்கு அடியில் வெப்பக் குழாய் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அது இல்லாவிட்டால் குளிர் ஆண்டுக்கு ஆண்டு கீழே இறங்கி, மண்ணிலுள்ள நீர் உறைந்து பொருமி, தளத்தையே முதுகு வளைத்துத் தூக்கிவிடும். தளம் வளைந்தால் ஐஸின் கனம் மாறும். 3 சென்டிமீட்டர் ஐஸ்தான் நல்லது. அதற்குமேல் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் குழாயிலுள்ள உப்புநீரை ஏறக்குறைய 1 டிகிரி கூடுதலாகக் குளிர்விக்க வேண்டியிருக்கும், ஐஸே வெப்பக்காப்பாக மாறிவிடுவதால். ஐஸ் பராமரிப்பவர் தினமும் காலையில் சின்னத் துரப்பணத்தால் குறித்த இடங்களில் துளையிட்டு, கனத்தை அளந்து, துளையில் ஈரப் பனித்தூளைத் திணித்து மூடுவதைப் பார்த்திருப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும். அவர் கையிலுள்ள அந்த வரைபடம்தான் அரங்கத்தின் நாடித்துடிப்பு.

முதல் வழி: ஹாக்கிக்கென்றே புது அரங்கம்

பார்வையாளருக்கு இதைவிடச் சிறந்தது கிடையாது. இருக்கைகள் செங்குத்தாக ஏறும், முதல் வரிசை ஐஸைச் சுற்றியுள்ள பலகைச் சுவரை ஒட்டியிருக்கும், ஆண்டு முழுக்க ஐஸ் இருப்பதால் ஊழியர்களுக்கு எந்திரத்தின் குணம் அத்துப்படி. மாஸ்கோவில் 2015-ல் திறந்து 2016 சாம்பியன்ஷிப்பை நடத்திய விடிபி ஐஸ் பேலஸில் 12,000 பேர் அமரும் பெரிய அரங்கோடு சிறிய அரங்கும் பயிற்சித் தளமும் ஒரே வளாகத்தில் உள்ளன. 2022-ல் சூரிக்கில் திறந்த 12,000 இருக்கை ஸ்விஸ் லைஃப் அரீனா, 2026 போட்டிக்குத் தேர்வானது. அதிலும் பயிற்சித் தளம் உள்ளேயே இருக்கிறது. முதன்மை ஐஸில் ஆட்டம் நடக்கையில் அடுத்த அணி பக்கத்துத் தளத்தில் பயிற்சி செய்யும். பேருந்து, காவல், நேரம் எல்லாம் மிச்சம். போட்டி முடிந்த பிறகும் பள்ளிப் பிள்ளைகளும் இளையோர் அணிகளும் காலை முதல் இரவுவரை நிரப்பப்போவது அந்தச் சின்னத் தளத்தைத்தான்.

ஆனால் இரண்டுக்கும் சொந்த கிளப் இருந்தது. கிளப் இல்லாத ஊரில் இந்த வழி ஆபத்து. 2014 சோச்சி ஒலிம்பிக்குக்காகக் கட்டிய 7,000 இருக்கை ஷைபா அரீனாவைக் கழற்றி வேறு ஊருக்குக் கொண்டுபோகும்படி வடிவமைத்தார்கள். கடைசியில் அது சோச்சியிலேயே நின்றுவிட்டது. 2018 ஒலிம்பிக்குக்காகத் தென்கொரியாவின் கங்னுங்கில் எழுந்த 10,000 இருக்கை அரங்கின் பிற்காலப் பயன் என்ன என்பது போட்டிக்கு முன்பே பெரிய விவாதமானது. பிரித்தெடுக்கும் வடிவம் என்ற சமாதானத்தை நம்பிக் கையெழுத்திட வேண்டாம். கழற்றி ஏற்றி மறுபடி கட்டும் செலவுக்கு யார் பொறுப்பு என்று தேதியோடு எழுதிய ஒப்பந்தம் இல்லாவிட்டால் அரங்கம் நின்ற இடத்தை விட்டு நகராது.

இரண்டாம் வழி: பல்பயன் அரங்கம்

பெரும்பாலான நகரங்களுக்குக் கணக்கு கூடிவருவது இதில்தான். டென்மார்க்கில் 2018 சாம்பியன்ஷிப் நடந்த கோபன்ஹேகன் ராயல் அரீனாவும் ஹெர்னிங் அரங்கமும் இந்த வகை. ஃபின்லாந்தின் டம்பெரேயில் 2021 டிசம்பரில் திறந்த நோக்கியா அரீனாவுக்கு இரண்டு உள்ளூர் ஹாக்கி கிளப்புகள் இருக்கின்றன. அதோடு கச்சேரிகளும் நடக்கின்றன. 2022, 2023 என்று தொடர்ந்து இரண்டு ஆண்டு அது உலக சாம்பியன்ஷிப் அரங்கமாக இருந்தது.

இங்கே கவனிக்க வேண்டிய மோதல்கள் மூன்று. ஒன்று, கூரை. ஐஸ்மேல் விழும் வெப்பத்தில் பெரும்பங்கு கூரையிலிருந்து கதிராக வருவது. அதைத் தடுக்க அலுமினியப் படலம் போன்ற, வெப்பத்தைக் குறைவாக உமிழும் பரப்பு வேண்டும். கச்சேரிக்கோ எதிரொலியை விழுங்கும் மென்மையான பலகை வேண்டும். துளையிட்ட அலுமினியத் தகட்டுக்குப் பின்னால் ஒலியுறிஞ்சியை வைத்து இரண்டையும் சமாளிக்கலாம். வடிவமைப்புத் தொடங்கும் நாளிலேயே ஒலிப் பொறியாளரும் குளிர்பதனப் பொறியாளரும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். இரண்டு, கூரையின் சுமை. கச்சேரிக் கருவிகளும் ஐஸுக்கு மேலே தொங்கும் நாற்புறத் திரையும் பல பத்து டன் எடை. மூன்று, ஐஸை மூடும் பலகைகள். வெப்பக்காப்புப் பலகையை ஐஸ்மேல் பரப்பி அதன்மேல் மேடை போடுவது நடைமுறையில் உள்ளதுதான். ஆனால் பலகை இணைப்புகள் வழியே சிந்தும் தண்ணீரும் பானமும் ஐஸில் பட்டால் பலகை ஒட்டிக்கொள்ளும். கழற்றும்போது ஐஸ் பெயர்ந்து வரும். போட்டிக்கு முந்தைய மூன்று வாரம் கச்சேரி எதையும் ஒப்புக்கொள்ளக் கூடாது. அந்த வருமான இழப்பை முதலிலேயே கணக்கில் எழுதிவிட வேண்டும்.

கடன்தான் இந்த வழியின் பெரிய பொறி. பிராக் நகரில் 2004 சாம்பியன்ஷிப்புக்காகத் திறந்த சாஸ்கா அரீனா, இன்றைய ஓ2 அரீனா, விளையாட்டு அரங்கமாக வெற்றி. 2024-ல் பிராகும் ஆஸ்ட்ராவாவும் சேர்ந்து ஏறக்குறைய 7,98,000 பார்வையாளர்களை ஈர்த்துச் சாதனை படைத்தன. ஆனால் கட்டிய லாட்டரி நிறுவனம் 2011-ல் திவாலானது. அரங்கத்துக்காக வாங்கிய கடன் அதற்கு முக்கியக் காரணம். அந்த அரங்கம் குறித்த காலத்தில் தயாராகாததால்தான் 2003 போட்டி ஃபின்லாந்துக்குப் போய், செக் குடியரசு 2004-க்குத் தள்ளப்பட்டது.

மூன்றாம் வழி: பழையதைப் புதுப்பிப்பது

ஸ்டாக்ஹோமின் உருண்டை அரங்கம் 1989 பிப்ரவரியில், அந்த ஆண்டு உலக சாம்பியன்ஷிப்புக்கென்றே திறந்தது. 36 ஆண்டு கழித்து, பெரிய புதுப்பிப்பு முடிந்து, அவிச்சி அரீனா என்ற பெயரில் 2025 போட்டியை நடத்தியது. பிராட்டிஸ்லாவாவில் 1940-லிருந்து ஐஸ் இருந்த அதே இடத்தில் பழைய அரங்கைப் பெரும்பாலும் இடித்துக் கட்டி 10,000 இருக்கையோடு 2011 போட்டிக்குத் தயாராக்கினார்கள். 2019-லும் அங்கேயே நடந்தது. 2022-ல் ஹெல்சின்கியின் பெரிய அரங்கம், உரிமையாளர்கள்மீதான தடைகளால் மூடப்பட்டபோது கைகொடுத்தது 1966-ல் கட்டிய பழைய ஐஸ் ஹால். பராமரித்து வைத்த பழைய கட்டடம் காப்பீடு மாதிரி.

புதுப்பிப்பில் பணம் கரைவது கண்ணுக்குத் தெரியாத இடங்களில். பழைய தளங்கள் பலவற்றில் வெப்பக்காப்போ மண் சூடாக்கும் குழாயோ இருக்காது. எஃகுக் குழாய்கள் உப்புநீரால் உள்ளிருந்து அரித்திருக்கும். ஆகவே ஒப்பந்தப்புள்ளி கோரும் முன்பே செய்ய வேண்டியவை: தளத்தில் ஐந்தாறு இடங்களில் உருளை மாதிரி வெட்டி எடுப்பது, எல்லாக் குழாய்களையும் இயங்கும் அழுத்தத்தைவிடக் கூடுதல் அழுத்தத்தில் 24 மணி நேரம் சோதிப்பது, கூரைச் சட்டகத்தின் சுமைத்தாங்கு திறனைப் புதிதாகக் கணக்கிடுவது, அஸ்பெஸ்டாஸ் இருக்கிறதா என்று பார்ப்பது. தளம் தேறவில்லை என்றால் புதுப்பிப்பு என்ற பேச்சை விட்டுவிட வேண்டும். கட்டடத்தின் வயதை மட்டும் பார்த்து நம்புவதும் தவறு: சைபீரியாவின் ஓம்ஸ்க் நகரில் 2007-ல் திறந்த அரங்கம் கட்டமைப்புக் கோளாறால் 2018-லேயே மூடப்பட்டது. அதை இடித்துவிட்டுக் கட்டிய புதிய அரங்கம் 2022-ல் திறந்தது.

இடிப்பு வேலையையும் இலேசாக எடுக்கக் கூடாது. 2023 போட்டிக்காகப் பழைய அரங்கை அகற்றிக்கொண்டிருந்த செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் 2020 ஜனவரி 31 அன்று, கம்பிவடங்களில் தொங்கிய கூரை இடிந்து விழுந்து ஒரு தொழிலாளி இறந்தார். அவ்வகைக் கூரையில் ஒரு வடத்தை வெட்டியதும் சுமை வேறு வடங்களுக்குத் தாவுகிறது.

நான்காம் வழி: தற்காலிக ஐஸ்

பலர் இதை ஏழையின் வழியாக நினைக்கிறார்கள். நாங்கள் அப்படி நினைக்கவில்லை. 2006-ல் டூரின் ஒலிம்பிக்கின் இரண்டாவது ஹாக்கி அரங்கம் பழைய கண்காட்சிக் கூடத்தில் அமைந்தது. 2026-ல் மிலானுக்கும் ரோ கண்காட்சி வளாகத்தில் அப்படியே. 1998 நகானோவில் அக்வா விங் என்ற அரங்கம் ஒலிம்பிக் முடிந்ததும் நீச்சல்குளமானது. லாட்வியாவின் ரீகா 2006-ல் ஒரு புது அரங்கத்தையும், 2003 யூரோவிஷன் பாட்டுப்போட்டி நடந்த ஸ்கோண்டோ மண்டபத்தையும் ஜோடி சேர்த்தது. 2021-ல் பெலாரஸின் மின்ஸ்க்கிடமிருந்து இணை நடத்தும் உரிமை பறிக்கப்பட்டு எல்லா ஆட்டமும் ரீகாவுக்கு வந்தபோது, புது அரங்கத்துக்குப் பக்கத்திலுள்ள ஒலிம்பிக் விளையாட்டு மையத்தின் மண்டபத்தில் ஐஸ் போட்டுச் சில மாதங்களில் தயாரானது. 2010-ல் கெல்சன்கிர்ஷனின் கால்பந்து அரங்கில் தொடக்க ஆட்டத்தை 77,803 பேர் பார்த்தார்கள். அது ஒரே ஓர் ஆட்டம் என்பதால் முடிந்தது.

முறை இது: மண்டபத் தரையில் ஈரத்தடுப்புத் தாள், வெப்பக்காப்புப் பலகை, அதன்மேல் பாய்போலச் சுருட்டி வரும் குழாய் வலைகள், வெளியே டிரெய்லரில் சில்லர்கள் (குழாய்த் திரவத்தைக் குளிர்விக்கும் எந்திரங்கள்). தண்ணீரைக் கொட்டி நிரப்புவதில்லை. மெல்லிய தூவலாக, மில்லிமீட்டர் கனம்கூட வராத அடுக்குகளாகத் தெளித்து, ஒவ்வொன்றும் உறைந்த பிறகு அடுத்தது. வெள்ளைச் சாயம், அதை மூட ஓர் அடுக்கு, கோடுகள், மறுபடி அடுக்குகள். நான்கைந்து நாள் இரவுபகலாக.

தவறுவது எங்கே என்றால், தரையின் மட்டத்தில். கண்காட்சிக் கூடத்தின் தரை நீர் வடிய வேண்டும் என்று சாய்வாகப் போடப்பட்டிருக்கும். 60 மீட்டரில் 2 சென்டிமீட்டர் சாய்வு கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஒரு முனையில் 3 சென்டிமீட்டர் ஐஸ் என்றால் மறுமுனையில் 5. அந்த முனையில் மேற்பரப்பு 2 டிகிரி வெப்பமாகி மென்மையாகும். லேசர் மட்டம் பிடித்து மணல் படுகையால் சரிசெய்த பிறகே பாய் விரிக்க வேண்டும். அடுத்தது குழாய் இணைப்புகள்: கசியும் கிளைக்கால் ஐஸைக் கரைக்கும், அந்தக் குழி எத்தனை முறை நீர் ஊற்றினாலும் உறையாது. முழு வலையையும் அழுத்தத்தில் ஒரு நாள் வைத்துச் சோதிக்காமல் முதல் துளியைத் தெளிக்கக் கூடாது. மூன்றாவது, பலகைச் சுவர். நிரந்தரத் தளத்தில் இருக்கும் நங்கூரக் குழிகள் இங்கே இல்லை. எடையுள்ள அடிச்சட்டத்தோடு நிற்கும் சுவர் தேவை. மண்டபத்தின் காற்றுக்கு ஈரநீக்கியும் வாடகைக்கு வந்தாக வேண்டும், சில்லரோடு சேர்த்தே.

அகலமும் குளிரூட்டியும்

எந்த வழியானாலும் இரண்டு முடிவுகள் வரும். சர்வதேச ஐஸ் ஹாக்கி சம்மேளனத்தின் விதி 60 மீட்டர் நீளத்தோடு 26 முதல் 30 மீட்டர்வரை அகலத்துக்கு இடம் தருகிறது. வட அமெரிக்க என்எச்எல் அளவு 60.96-க்கு 25.9 மீட்டர். 2010 வான்கூவர் ஒலிம்பிக்கில் அரங்கை அகலமாக்கும் செலவைத் தவிர்த்து என்எச்எல் அளவிலேயே ஆடினார்கள். 2022 பெய்ஜிங்கிலும் குறுகிய ஐஸ்தான். போக்கு குறுகலை நோக்கி. எங்கள் பரிந்துரை: தளத்தை 61-க்கு 30 ஆக ஊற்றுங்கள், பலகைச் சுவரின் நங்கூரக் குழிகளை 26-க்கும் 30-க்கும் இரண்டு வரிசையாகப் பதித்துவிடுங்கள். அகலமான தளத்தில் குறுகலாக ஆடலாம். குறுகிய தளத்தை அகலமாக்க முடியாது. குறுக்கும்போது பக்கத்துக்கு 2 மீட்டர் காலியாகும். உள்ளே தள்ளும் இருக்கை வரிசைகள் அதை நிரப்பும்.

குளிர்பதன எந்திரத்துக்குள் சுற்றும் குளிரூட்டிப் பொருளில் தேர்வு அம்மோனியாவுக்கும் கார்பன் டை ஆக்சைடுக்கும் இடையில். ஆர்-404ஏ போன்ற செயற்கைக் குளிரூட்டிகளின் புவியைச் சூடாக்கும் திறன் கார்பன் டை ஆக்சைடைப்போல் 3,900 மடங்குக்கு மேல்; புது அரங்கத்தில் அதற்கு இடமில்லை. அம்மோனியா திறன் மிக்கது, ஆனால் நச்சு. கனடாவின் ஃபெர்னி நகர அரங்கில் 2017 அக்டோபரில் அரித்த சில்லர் வழியே அம்மோனியா உப்புநீரில் கலந்து கசிந்து மூன்று பேர் இறந்தார்கள். ஆகவே அம்மோனியா எந்திர அறைக்குள் மட்டும், குறைந்த அளவில், ஐஸுக்கு அடியில் உப்புநீர் மட்டும். கசிவு உணர்விகளும் தனிக் காற்றுப்போக்கியும் கட்டாயம். உப்புநீரில் அம்மோனியா தெரிந்த அன்றே சில்லரை நிறுத்த வேண்டும், போட்டி நடந்துகொண்டிருந்தாலும். கார்பன் டை ஆக்சைடு இப்படிப்பட்ட நச்சு இல்லை என்றாலும் மூடிய அறையில் மூச்சடைக்கும், சாதாரணக் காற்றழுத்தத்தைப்போல் 100 மடங்கை நெருங்கும் அழுத்தத்தில் ஓடும். வெளிவெப்பம் 31 டிகிரியைத் தாண்டும் ஊரில் அதன் திறன் சரியும். குளிர் நாட்டுக்கு அது அருமை. நீர்பூச்சுக்கான 60 டிகிரி வெந்நீரை அதன் கழிவு வெப்பமே தந்துவிடும்.

எதைத் தேர்வது

சொந்த கிளப்பும் இளையோர் அணிகளும் உள்ள நகரம் ஹாக்கி அரங்கைக் கட்டட்டும். அதிலும் முதலில் பயிற்சித் தளத்தை, பிறகு பெரியதை. கிளப் இருந்தும் ஆண்டில் பாதி நாள் அரங்கம் காலியாகக் கிடக்கும் என்றால் பல்பயன். நல்ல தளமுள்ள பழைய அரங்கம் கையில் இருந்தால் வேறு எதையும் யோசிக்கவே வேண்டாம். கிளப்பே இல்லையென்றால், முதன்மை அரங்கம் பல்பயனாகவும் இரண்டாவது தற்காலிக ஐஸாகவும் இருக்கட்டும். இரண்டுமே புதுக் கட்டடம் என்ற திட்டத்தை நாங்கள் எந்த நகரத்துக்கும் சொல்ல மாட்டோம். உரிமை கைவிட்டுப் போகவும் கூடும்: 2023 போட்டி ரஷ்யாவிடமிருந்து எடுக்கப்பட்ட பிறகு, செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் புதிய பேரரங்கம் அந்த ஆண்டு டிசம்பரில்தான் திறந்தது.

தேர்வு எதுவானாலும் ஏற்புச் சோதனையை ஒப்பந்தத்தில் எழுதுங்கள். போட்டிக்கு முந்தைய ஆண்டு மே மாதத்திலேயே, ஒரே நாளில் மூன்று ஆட்டம், முழு டிவி விளக்கொளி, பாதிக்கு மேல் பார்வையாளர். கூட்டம் உள்ளே வரும் அரைமணி நேரம் எல்லா வாயிலும் திறந்திருக்க, மூன்றாவது ஆட்டத்தின் இரண்டாவது இடைவேளைக்குப் பிறகு ஐஸின் மேற்பரப்பை 12 இடங்களில் அளக்க வேண்டும். எந்த இடமும் மைனஸ் 4-ஐவிட வெப்பமாக இருக்கக் கூடாது. அந்த நேரத்தில் ஒரு கம்ப்ரஸரை வேண்டுமென்றே நிறுத்தி, மறுபடி அளக்க வேண்டும். தேறாவிட்டால் சரிசெய்ய இன்னும் 11 மாதம் இருக்கிறது.